இந்த முறை சாக மாட்டேன்

14-10-97, செவ்வாய்

ராத்திரியெல்லாம் மழை. பாண்டி பஜாரில் கணுக்கால் தண்ணீர். பார்லருக்கு வாங்க வேண்டியது: மருதாணிக் கோன், பஞ்சு, புருவ நூல், ஃப்யூஸ் வயர். தீபாவளிக் கூட்டம் இன்னும் ஆரம்பிக்கவில்லை.

மதியம் ஒரு பையன். கண்ணாடி, ஜோல்னாப் பை, தொப்பலாக நனைந்து. லேடீஸ் பார்லர், உள்ளே வராதே என்று கத்தினேன். படியிலேயே நின்றுகொண்டு, "ரூபி மேடம் நீங்கதானே?" என்றான். கையிலிருந்த நூல் நின்றுவிட்டது. அந்த சினிமாப் பெயரை யாரும் சொல்லி எத்தனை வருஷம். இங்கே நான் ஃபிலோமினா அக்கா. புருவம் பாதி எடுத்த பெண் கண்ணாடியில் என்னையே முறைத்துப் பார்க்கிறாள்.

பெயர் ஸ்ரீவத்சன். மயிலாப்பூர். சினிமா படிப்புப் படித்தவன், முதல் படம் எடுக்கிறான். எங்கள் காலத்து கிளப் டான்ஸ், கொள்ளைக் கூட்டம், ரகசிய அறை, ஒட்டுத்தாடிப் படங்களுக்கு மரியாதை செலுத்துகிற படமாம். நல்ல கூத்து. அன்றைக்கு எங்கள் படத்தைக் குடும்பத்தோடு யாரும் பார்த்ததில்லை. முக்காடு போட்டுக்கொண்டு வந்து பார்த்துவிட்டு, வெளியே போய்த் திட்டுவார்கள். பத்திரிகைக்காரர்களுக்கு நாங்கள் குப்பை. இப்போது மரியாதையாம்.

ஆனால் பயல் ஒவ்வொரு படத்தையும் ரீல் ரீலாகச் சொல்கிறான். நானே மறந்த டான்ஸெல்லாம் அவனுக்கு ஞாபகம். அதே ரூபி, அதே கூண்டு, அதே சிவப்பு பல்பு, நீங்களேதான் ஆடணும் என்கிறான். என்னை வைத்துச் சிரிக்கவா என்று கேட்டேன். முகம் சுருங்கிவிட்டது. யோசித்துச் சொல்கிறேன் என்று அனுப்பினேன்.

யோசிக்க என்ன இருக்கிறது? ஐம்பத்து மூன்று வயசில் எவளுக்கு வரும் இந்த சான்ஸ்? அவன் தெருமுனை தாண்டுவதற்குள் என் கால் தாளம் போட ஆரம்பித்துவிட்டது.

16-10, வியாழன்

வெயில். துணி காய்ந்தது.

அடையாறிலிருந்து ஸ்டெல்லா வந்தாள். கான்வென்ட் டீச்சர் அல்லவா, என் மகள் பேச்சிலேயே பிரம்பு. விஷயத்தைச் சொன்னதும் டீ டம்ளரை டொக்கென்று வைத்தாள். ஸ்கூலில் தெரிந்தால் என்ன ஆகும், மாமியார் என்ன சொல்வார், இந்த வயசில் கூண்டுக்குள் ஆடுவாயா என்று வரிசையாக. அந்தக் கூண்டு ஆட்டம்தான் உன்னை கான்வென்ட்டில் படிக்க வைத்தது, அதற்கு யார் என்ன சொன்னால் எனக்கென்ன என்றேன். மெதுவாகச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

போகும்போது வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டே, முகத்தைப் பார்க்காமல் கேட்டாள்: "இதுலயும் கடைசில செத்துப் போவியாம்மா?"

கதவைச் சாத்திவிட்டு அப்படியே நின்றேன்.

அவளுக்கு ஐந்து வயசு இருக்கும். பக்கத்து வீட்டுக்காரி, அம்மாவைக் காட்டுகிறேன் என்று சைதாப்பேட்டை தியேட்டருக்குக் கூட்டிப் போய்விட்டாள். கடைசி ரீலில் திரையில் எனக்குக் குண்டு, மார்பெல்லாம் ரத்தம். குழந்தை வீல் என்று அலறியிருக்கிறது. சுற்றி எல்லோரும் கைதட்டினார்களாம். நான் வீடு வந்ததும் என்னைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள். அப்புறம் என் படம் ஒன்றையும் பார்த்ததில்லை. வெட்கத்தில் என்றுதான் இத்தனை நாள் நினைத்துக்கொண்டிருந்தேன். மக்கு நான்.

19-10, ஞாயிறு

சாந்தோமில் காலைப் பூசை. அங்கிருந்து நடந்தே ஸ்ரீவத்சன் வீடு. அவன் அம்மா காபி கொடுத்துவிட்டு, மகன் உள்ளே போனதும் என் காதருகே வந்தார். "காலேஜ் படிக்கறச்சே உங்க படம் ஒண்ணு விட்டதில்ல. ஆத்துல பஜனைன்னு சொல்லிண்டு கெளம்பிடுவேன்." எனக்குப் புரை ஏறிவிட்டது.

கேசட் போட்டுக் காட்டினான். அவன் படத்தில் எல்லாம் அதே மாதிரி வேண்டுமாம். கேமரா திடீரென்று மூக்குக்குப் பக்கத்தில் ஓடி வரும், அது. புகை, அது. படம் முழுக்கக் கோடு கோடாகக் கீறல் வேறு போடப் போகிறான். கீறல் விழாமல் இருக்க நாங்கள் பட்ட பாடு!

பிறகு நான் சாகும் காட்சிகள். ஒன்றன்பின் ஒன்றாக. மாடிப்படியில், படகில், சர்ச் வாசலில். எங்கள் படங்களில் அது சட்டம். கிளப்பில் ஆடுகிறவள் பன்னிரண்டாவது ரீலில் திருந்த வேண்டும். பதினான்காவதில் ஹீரோவுக்கு வரும் குண்டைக் குறுக்கே பாய்ந்து வாங்க வேண்டும். அவன் மடியில் தலை வைத்து "அண்ணா" என்று சொல்லிச் சாக வேண்டும். நாலு ரீல் முன்னால்தான் அவன் மேல் விழுந்து புரண்டு ஆடியிருப்பேன். அண்ணாவாம்! அந்த "அண்ணா"கூட என் குரல் இல்லை. வேறொரு அம்மாள் பேசியது. குப்பத்தில் வளர்ந்த என் பேச்சில் கடற்கரை வாடை அடிக்கிறது என்று என்னை மைக் பக்கமே விட்டதில்லை.

டி.வி.யை நிறுத்தச் சொன்னேன். இரண்டு நிபந்தனை. ஒன்று, என் குரல். சரி என்று உடனே தலையாட்டினான். இரண்டு, நான் சாக மாட்டேன்.

தலையாட்டல் நின்றது. அது இல்லாமல் மரியாதை முழுசாகாது மேடம், அந்தச் சாவுதான் அந்தப் படங்களின் உயிர் என்று என்னென்னவோ விளக்கினான். யாருடைய உயிர் என்று கேட்டேன். கதையை மாற்ற முடியாது என்றான். சாவு இல்லையென்றால் வேஷம் இல்லை, அதை நேராகச் சொல்ல அவனுக்கு வாய் வரவில்லை. அவ்வளவுதான்.

பார்க்கலாம் என்று எழுந்து வந்தேன். சம்மதம் என்று எடுத்துக்கொண்டான் போல. எடுத்துக்கொள்ளட்டும்.

22-10, புதன்

பார்லரில் நிற்க இடமில்லை. ஒரே ஃபேஷியல். இடுப்பு விட்டுப்போச்சு.

சாயங்காலம் பனகல் பார்க் பக்கம் காய்கறி வாங்கப் போனேன். எவனோ லட்சுமி வெடி போட்டான். டமால். என் கை தானாகப் போய் இடது மார்பில் பட்டென்று அடித்தது. முழங்கால் மடங்கியது. கத்தரிக்காய் தரையில். "வயசானவங்க, பயந்துட்டாங்க" என்றாள் காய்காரி.

பயமா? அது தொழில். ஜாக்கெட்டுக்குள் சின்ன பலூனில் சிவப்புச் சாயம் கட்டி வைப்பார்கள். வெடிச் சத்தம் கேட்டதும் கையால் அடித்து நாமே உடைக்க வேண்டும், உடனே விழ வேண்டும். இத்தனை வருஷம் கழித்தும் இந்தக் கைக்கு அது மறக்கவில்லை. பொறுக்கிய கத்தரிக்காயில் பாதி சொத்தை. வீட்டுக்கு வந்து என் கையை நானே திட்டினேன்.

25-10, சனி

கோடம்பாக்கம். பழைய ஃப்ளோர். கூண்டு, சிவப்பு பல்பு, புகை.

ஆடினேன். முழங்கால் கடகட. ஆனால் ஆடினேன். முதலில் லைட்பாய்கள் மூலையில் கிசுகிசுத்தார்கள். பாட்டு முடிந்தபோது ஒருத்தன் விசில் அடித்தான், அசல் தரை டிக்கெட் விசில். குனிந்து வாங்கிக்கொண்டேன். கேலியோ மரியாதையோ, அது எனக்கு வந்தது.

ஏழுமலையைப் பார்த்தேன்! அந்தக் காலத்து ஸ்டண்ட் ஆள், வில்லனுக்குப் பதிலாகத் துப்பாக்கி பிடிக்கும் கை எப்போதும் அவனுடையதுதான். இப்போது வெடி போடும் வேலை. பல் போய்விட்டது, வாய் போகவில்லை. "இன்னாக்கா, எம்மாந் தபா சுட்டுக்கீறேன் உன்ன. இன்னும் அப்டியே கீறியே!"

திங்கட்கிழமை சுடும்போது நான் விழப்போவதில்லை என்று அவனிடம் மட்டும் சொன்னேன். வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தான்.

ராத்திரி ஸ்டெல்லாவுக்கு ஃபோன். திங்கட்கிழமை வந்து பார் என்றேன். வர மாட்டேன் என்று வைத்துவிட்டாள்.

27-10, திங்கள்

மழை. செட் கூரையில் ஒழுகல். இட்லி ஆறிப்போயிருந்தது.

சாவுக் காட்சி. வெள்ளை கவுன். உள்ளே சாய பலூன் டேக்குக்கு மட்டும்தான், ஒத்திகைக்கு இல்லை. நான் மாடிப்படியில். கீழே வில்லன் பையன், துப்பாக்கியோடு. ஹீரோ பையன் மடியைத் தயாராக வைத்துக்கொண்டு பக்கத்தில்.

ஒத்திகை. விழக் கூடாது, விழக் கூடாது என்று சொல்லிக்கொண்டே நின்றேன். ஏழுமலை வெடி போட்டான். விழுந்தேன்! கை மார்பில், தலை கச்சிதமாக ஹீரோ மடியில். எல்லோரும் கைதட்டல். ஸ்ரீவத்சன் கண்ணில் தண்ணீர். இரண்டாவது ஒத்திகை, மறுபடியும் விழுந்தேன். அழுகையும் ஆத்திரமுமாக வந்தது. என் உடம்பு, என் பேச்சைக் கேட்காது, எவனோ எப்போதோ எழுதிய சட்டத்தைக் கேட்குமா?

டேக். கடைசி ரோல், வேறு ஃபிலிம் இல்லை, ஒரே டேக்கில் முடிக்கணும் மேடம் என்று கெஞ்சினான். பலூனைக் கட்டி லைட் போட்டார்கள். அப்போதுதான் பார்த்தேன். வாசல் பக்கம், குடையை மடக்கிக்கொண்டு ஸ்டெல்லா. ஸ்கூலிலிருந்து நேராக வந்திருக்கிறாள். துப்பாக்கி உயர்ந்ததும் இரண்டு கையாலும் கண்ணைப் பொத்திக்கொண்டாள், அன்றைக்குத் தியேட்டரில் இருந்த அதே குழந்தை.

படிக்கட்டுக் கைப்பிடியை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்தேன். வலது கை துடிக்கிறது, மார்புக்குப் போகப் பார்க்கிறது. விடவில்லை.

டமால்.

நின்றேன்.

ஹீரோ பையன் மடியை விரித்தபடி முழிக்கிறான். டைரக்டர் கட் சொல்லாமல் யாரும் அசையக் கூடாது. அவன் சொல்லவில்லை. ஏழுமலை குஷியில் இன்னொரு வெடி போட்டான். அதற்கும் நின்றேன். பிறகு ஒவ்வொரு படியாக இறங்கினேன், கேமரா என்னோடு வந்தது. வில்லன் கையிலிருந்த துப்பாக்கியைப் பிடுங்கி இடுப்பில் செருகினேன். ஹீரோவைப் பார்த்து, என் சொந்தக் குரலில், கடற்கரை வாடையோடு, "எந்திரி தம்பி, வூட்டுக்குப் போ" என்றேன். நேராக வாசலை நோக்கி நடந்தேன். பின்னால் ஃபிலிம் தீர்ந்து கேமரா நின்ற சத்தம்.

ஸ்ரீவத்சன் தலையில் கை வைத்து உட்கார்ந்திருந்தான். பாதுகாப்புக்கு ஒரே ஒரு சாவு எடுத்து வைத்துக்கொள்ளலாமா மேடம் என்று கேட்டான். ரோல் எங்கே என்று கேட்டேன். இல்லை என்றான். கொஞ்ச நேரம் கழித்து, அவன் தோள் குலுங்குவதைப் பார்த்தேன். சிரிக்கிறான் பயல்.

ஸ்டெல்லா இன்னும் கண்ணைத் திறக்கவில்லை. பக்கத்தில் போய், "பாருடி, நிக்கிறேன்" என்றேன்.

விரல் இடுக்கில் பார்த்தாள். கவுனைப் பார்த்தாள். வெள்ளை வெளேரென்று இருந்தது. தொட்டுப் பார்த்தாள். அப்புறம் நடு செட்டில், அத்தனை பேர் முன்னால், டீச்சரம்மா என்னை இறுகக் கட்டிக்கொண்டாள். பலூனை இரண்டு பேருமே மறந்துவிட்டோம்.

28-10, செவ்வாய்

தூறல். பார்லருக்கு அரை நாள் லீவு. கம்பெனி கவுனைத் துவைத்துத் தருவதாக வாங்கி வந்தேன். சாயம் லேசில் போகாது. ஸ்டெல்லாவின் புடவையும் அதே வாளியில் ஊறுகிறது.