மூடக்கூடாத புண்

ஐப்பசி, திங்கள்.
விடாத மழை. விறகெல்லாம் ஈரம். மகன் ஏழுமலையைத் தோல் பதனிடுகிற ஷாப்பிலிருந்து தூக்கி வந்தார்கள். சதை சீவும் கத்தியோடு வழுக்கி, நாய்ப்பீ கரைத்த தொட்டியில் விழுந்திருக்கிறான். தோல் மெத்தென்று ஆக அதில்தான் ஊறப்போடுவது. கெண்டைக்காலில் ஆழமான வெட்டு.

டிஸ்பென்சரி டாக்டர் கழுவிவிட்டார். தையல் போடவில்லை. துணி மட்டும், அதுவும் லேசாக. குடலில் வாழும் பூச்சி ஒன்று, கண்ணுக்குத் தெரியாதது, மனுஷன் நாய் எல்லார் வயிற்றிலும் உண்டாம். அங்கே இருக்கிறவரை தொந்தரவில்லை. அதற்குக் காற்று ஆகாது. மூடிய புண்ணுக்குள் போனால் சதையை அழுக வைக்குமாம்.

"தொறந்தே இருக்கட்டும் ஆயா. சுத்தி அழுத்திப் பாரு. தோலுக்கடியில நொறுநொறுன்னு இருந்தா வேலூருக்கு ஓடு. கால எடுத்தாதான் உசுரு."

செவ்வாய்.
பேத்தி மடியில் ஏற வந்தாள். தள்ளிவிட்டேன். என் வயிற்றிலும் அது இருக்கிறதாமே. கை கழுவிக் கழுவி விரல் வெளுத்துவிட்டது.

மருமகளின் அப்பா வந்தார். ஷாப்பில் தோலில் கத்தி பட்ட கிழிசலைத் தைக்கிறவர். கல்யாணத்தில் என் அண்ணனைக் கடைசிப் பந்தியில் உட்காரவைத்த மனுஷன். மறக்கவில்லை.

"இன்னா சம்பந்தியம்மா, ஆட்டுத்தோலுக்கு இருக்கற மரியாதகூட இவனுக்கு இல்லியா? வாயப் பொளந்துக்கினு கெடக்குது."

தைக்கக்கூடாது என்றேன். மருமகள் பார்த்த பார்வை, ஏதோ நான் மகனைச் சாகவிடுகிற மாதிரி.

அழுத்திப் பார்த்தேன். ஒன்றுமில்லை. மறுபடியும் பார்த்தேன்.

புதன்.
தண்ணீருக்குப் போய் வருவதற்குள் சம்பந்தி தைத்துவிட்டார். மேலே ஆவாரம்பட்டைத் தூள் குழைத்து அப்பி, இறுக்கக் கட்டு. தோலைக் கெடாமல் வைக்கிற பட்டை காலுக்கு ஆகாதா என்கிறார். மருமகள்தான் காலைப் பிடித்துக்கொண்டாளாம். ஏழுமலைக்கும் சம்மதம்.

"தொறந்து கெடந்தத பாத்தா பயமா இருந்துச்சிமா. இப்ப வலி கம்மி."

கட்டைப் பிரிக்கப் போனேன். மருமகள் குறுக்கே படுத்துக்கொண்டாள். வலி கம்மி என்கிறானே. டாக்டர் சொன்னது பொய்யாகவே இருக்கட்டும்.

வியாழன்.
விடியும்போதே நாற்றம். கால் வீங்கி வெண்கல நிறம். உடம்பு கொதிக்கிறது. யாரையும் கேட்கவில்லை. துணி, தையல், எல்லாவற்றையும் அறுத்தெறிந்தேன். முட்டிக்குப் பக்கத்தில் அழுத்தினேன். விரலடியில் நொறுநொறு, சருகை மிதித்த மாதிரி. சம்பந்தியும் அழுத்தினார். வண்டி பிடிக்க ஓடியதும் அவர்தான்.

ரயிலில் வேலூர். ஆஸ்பத்திரியில் வெட்டுகிற இடம் தெரியத் தொடைமேல் மையால் கோடு போட்டார்கள். ஏழுமலையால் தலையைத் தூக்க முடியவில்லை.

"கோடு எங்கமா போட்டுருக்காங்க?"

"முட்டிக்குக் கீழதான்டா."

"அப்ப சரி" என்று கண்ணை மூடிக்கொண்டான். உள்ளே கொண்டுபோய்விட்டார்கள்.