படத்தில் மூன்றாவது ஆள்

12, வெள்ளி
காலையிலேயே புழுக்கம். கொடியில் துணி, துணியில் அனல்மின் நிலையத்துச் சாம்பல் தூசி. போன மாதம் இமாச்சலில் பனிமலை ஏறி வந்தாரே சுரங்கத்தில் வேலை பார்க்கும் என் வீட்டுக்காரர், அவருக்கு ஞாயிறு மாலை கிளப்பில் பாராட்டு விழா! வேலைகள்: பட்டுப்புடவை இஸ்திரி, மல்லி இரண்டு முழம், அவர் ஷூவுக்கு பாலிஷ். டவுன்ஷிப் ஆர்ச் கேட் பக்கம் பேனர்: "இமயம் வென்ற எங்கள் பி ஷிஃப்ட் சிங்கம்". சிங்கம் இப்போது சோபாவில் குறட்டை.

எதிர் குவார்ட்டர்ஸ் பிரேமா உறைமோர் கேட்டு வந்தாள். பக்கத்து ஊர் வடக்குத்துக்காரி, வாய் சும்மா இருக்காது.

"ஏங்கக்கா, வாட்ஸ்அப்புல பேசிக்கினு இருக்காங்க. உச்சியில எடுத்த போட்டோல அஞ்சு பேரும் மூஞ்சிய மூடிக்கினு நிக்கிறாங்களே, அண்ணன் மேல போவவே இல்லியாம்."

"மூணாவது ஆள் அவருதான். நாளைக்கு வா, நிரூபிக்கிறேன்."

எந்த ஆள் என்று அவர் சொன்னதில்லை. ஆள் உயரத்தை வைத்து நானே முடிவு செய்தது. உடம்பெல்லாம் பற்றி எரிகிறது. பொறாமை பிடித்த குரூப்!

13, சனி
வழி இருக்கிறது! அவருடைய மலையேறும் பேண்ட் முழங்காலில் கிழிந்திருந்தது. புறப்படும் முன் பழைய குடைத் துணியில் பச்சை ஒட்டுப் போட்டுத் தைத்ததே நான். படத்தைப் பெரிதாக்கினேன். மூன்றாவது ஆள்: ஒட்டு இல்லை. இரண்டாவது: இல்லை. ஐந்து பேரிடமும் இல்லை.

பிரேமா கதவைத் தட்டினாள். குளிக்கிறேன் என்று கத்தினேன்.

ஷிஃப்ட் முடிந்து வந்தவர் முன்னால் சாப்பாட்டுத் தட்டுக்குப் பதில் போனை வைத்தேன்.

"நான் உச்சிக்குக் கீழயே உட்கார்ந்துட்டேன். தலைவலி, வாந்தி. லீடர் இங்கயே இருன்னுட்டார்."

"பின்ன ஏறினதா ஊரே பேசுதே?"

"நம்ம ஷிஃப்ட் உற்பத்தியில ரெக்கார்டு போட்டா, அன்னிக்கு கேண்டீன்ல இருந்தவனுக்கும் சேர்த்துத்தானே ஸ்வீட் குடுக்கறாங்க? அந்தப் பழக்கத்துல, டீம் ஏறிடுச்சுன்னு ஷிஃப்ட்டுக்கு போன் பண்ணேன். வந்து இறங்கினா பஸ் ஸ்டாண்டுல மேளம். அப்புறம் எப்படி வாயைத் திறக்கிறது?"

அழுகை வந்தது, சிரிப்பும் வந்தது. மைன்ஸ்காரன் புத்தி!

"நாளைக்கு மைக்ல நீங்க சொல்லணும். இல்லன்னா நான் சொல்வேன்."

சாப்பிடாமல் படுத்துவிட்டார்.

14, ஞாயிறு
தூறல், உடனே நின்றது. கிளப்பில் நிற்க இடமில்லை. மாலை, சால்வை. மைக்கைப் பிடித்தார்.

"நான் உச்சிக்குப் போகலைங்க. டீம் போச்சு. நான் கீழ உட்கார்ந்திருந்தேன்."

பிரேமா என்னைத் திரும்பிப் பார்த்தாள். நானும் பார்த்தேன், கண்ணை எடுக்கவில்லை. பின்வரிசையில் அவருடைய ஃபோர்மேன் எழுந்தார்.

"டீம் ஏறுச்சில்ல? அப்ப கை தட்டுங்கடா!"

பி ஷிஃப்ட் முழுக்கத் தட்டியது. முன்வரிசை அதிகாரிகள் தட்டவில்லை. சால்வையை யாரும் திருப்பிக் கேட்கவும் இல்லை. பேனரைப் பார்த்த அன்றுகூட எனக்கு இவ்வளவு பெருமை இல்லை.

15, திங்கள்
பேனரைக் கழற்றிவிட்டார்கள். உச்சிக்கு இன்னும் எவ்வளவு இருந்தது என்று கேட்டேன். "நம்ம பிளாக் வாட்டர் டேங்க் உயரம்தான்."

மார்க்கெட் போகும் வழியில் டேங்க்கை அண்ணாந்து பார்த்தேன். இவ்வளவுதானா! இவ்வளவு கிட்டப் போயா! காய் வாங்காமல் வீட்டுக்கு ஓடி வந்தேன்.

"அடுத்த வருஷத்துக்கு இப்பவே லீவு எழுதிக் குடுங்க."

முறைத்தார். "நீ அந்த டேங்க்ல ஏறிப் பாரு, தெரியும்."

ஏறினால் என்ன? ஏணிக் கதவில் பூட்டு. சாவி யாரிடம் என்று விசாரிக்க பிரேமா போயிருக்கிறாள்.