நடுச்சுவரும் பதினெட்டு வோல்ட்டும்

ஜூன் 9, 2024, ஞாயிறு

என் மனைவி ஈஸ்வரியின் தம்பி பாண்டிதுரை ராணுவத்திலிருந்து லீவில் வந்திருக்கிறான். சமையலறையில் மசாலா டப்பா வைக்க ஒரு பலகை மாட்ட வேண்டும், எலக்ட்ரீசியன் இரண்டு வாரமாக ஏமாற்றுகிறார் என்று ஈஸ்வரி அவனிடம் சொல்லிவிட்டாள்.

"நாலு ஓட்டை போடுறதுக்கு ஆள் தேடிக்கிட்டு இருக்கீயளா அத்தான்?" என்று சிரித்தான். ஈஸ்வரியும் சேர்ந்து சிரித்தாள். முப்பது வருஷம் மில் ஆபீஸில் பேனா பிடித்த கை என்னுடையது. சிரிக்கத்தான் செய்வார்கள். நானே டிரில் வாங்கப்போகிறேன்.

ஜூன் 12, புதன்

வேலை முடிந்ததும் ராஜபாளையத்திலேயே ஐயாதுரையின் ஹார்டுவேர் கடைக்குப் போனேன். பேட்டரி டிரில்லில் இத்தனை வகை இருக்கிறது என்று யாருக்குத் தெரியும்? பன்னிரண்டு வோல்ட், பதினெட்டு வோல்ட், இடித்து இடித்துத் துளைக்கும் ஹேமர் உள்ளது, இல்லாதது.

"சார், உங்க வேலைக்குச் சின்னதே போதும். பழைய வீடுன்னு சொல்லுதீய. ஹேமர் போட்டா செவுரே அதிரும். செவுத்து வேலைக்கு மட்டும் ஆளக் கூப்பிட்டுக்கோங்க" என்றார் ஐயாதுரை.

நல்ல மனுஷன், பெரியதை விற்கப் பார்க்கவில்லை. ஆனால் பக்கத்தில் எங்கள் மில் ஃபிட்டர் நின்றுகொண்டிருந்தார். அவர் முன்னால் அந்தச் சின்னதைக் கையில் வாங்கக் கூச்சமாக இருந்தது. பதினெட்டு வோல்ட் ஹேமரையே எடுத்தேன். ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு வந்தேன். நல்ல கனம்.

ஜூன் 15, சனி

ஈஸ்வரி வத்திராயிருப்புக்குத் தாய்வீடு போயிருக்கிறாள். வர ஒரு வாரம் ஆகும். அதற்குள் பலகை மாட்டிவிட வேண்டும்.

சாயங்காலம் பக்கத்து வீட்டுக் கனகலட்சுமி வந்தார். மகள் பாண்டிசெல்விக்கு ஆலங்குளத்திலிருந்து ஒரு ஜாதகம் வந்திருக்கிறதாம். பையன் சிமெண்ட் ஆலையில் வேலை. வீட்டுக்காரர் இறந்ததிலிருந்து எதுவானாலும் அவர் படத்தின் கீழே வைத்துக் கேட்பதுதான் வழக்கம்.

"மூணு நாளு வச்சிருக்கப்போறேன் அண்ணாச்சி. ஒண்ணும் தப்பா நடக்கலன்னா அவியளுக்குச் சம்மதம்னு அர்த்தம்."

பையன் போட்டோவை எனக்குக் காட்டியபோது பாண்டிசெல்வி நகராமல் நின்றாள். அவளுக்குப் பிடித்துப்போய்விட்டது. பார்த்தாலே தெரிந்தது.

ஜூன் 16, ஞாயிறு

எழுதவே கை வரவில்லை. எழுதித்தான் தீர வேண்டும்.

பக்கத்து வீட்டில் இருவரும் கோயிலுக்குப் போயிருந்தார்கள். பதினொரு மணிக்கு டிரில்லை எடுத்தேன். சமையலறையில் இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரே சுவர், அதுவும் ஒற்றைக்கல் கனம். அது தெரியாதவனா நான்? ஹேமரில் வைத்து அழுத்தினேன். பல் வரைக்கும் அதிர்ந்தது. அந்தப் பக்கம் சலீர் என்று ஒரு சத்தம். நிறுத்திவிட்டேன்.

அந்தச் சுவரில் அவர்கள் பக்கம் தொங்குவது அவர் படம் ஒன்றுதான்.

பாதித் துளையில் பற்பசையை அப்பி, மேலே காலண்டரை மாட்டினேன். தரையைத் துடைத்தேன். டிரில்லைப் பெட்டியில் வைத்துக் கட்டிலுக்கு அடியில் தள்ளினேன். இதையெல்லாம் எவ்வளவு வேகமாகச் செய்தேன்!

கோயிலிலிருந்து திரும்பியதும் கனகலட்சுமி வெளிறிப்போய் வந்தார். "அண்ணாச்சி, அவிய படம் கீழ விழுந்து கண்ணாடி நொறுங்கிக் கெடக்கு. ஏதும் சத்தம் கேட்டுச்சா?"

"இல்லையேம்மா" என்றேன். யோசிக்கக்கூட இல்லை. வாய் தானாகச் சொல்லிற்று.

ஜூன் 17, திங்கள்

ஜாதகத்தைத் தரகரிடம் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஜூன் 19, புதன்

காலை பஸ்ஸில் பாண்டிசெல்வி எனக்கு முன்சீட்டு. அவளும் ராஜபாளையத்தில்தான் வேலை பார்க்கிறாள். திரும்பி, "நீங்களே சொல்லுங்க மாமா, ஆணி கழண்டு விழுந்ததுக்கு அந்த ஆலங்குளத்து மனுசன் என்ன செய்வாரு?" என்றாள்.

எல்லாம் நல்லதுக்குத்தான்மா என்றேன். சே! நானெல்லாம் ஒரு மனுஷனா?

ஜூன் 21, வெள்ளி

டிரில் வீட்டில் இருந்தால்தானே தெரியும்? திருப்பிக் கொடுக்கப் போனேன். பிரிக்கவே இல்லை என்றேன். ஐயாதுரை டிரில்லை எடுத்து வாய்ப்பக்கத்தைத் திருப்பி ஒரு தட்டுத் தட்டினார். மேஜையில் வெள்ளையாகச் சுண்ணாம்பு விழுந்தது.

"சார்..." என்றார். நான் பெட்டியை மூடி எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். இனி அந்தக் கடைப் பக்கம் எப்படிப் போவேன்?

ஜூன் 23, ஞாயிறு

ஈஸ்வரி வந்ததும் முதலில் பார்த்தது காலண்டரைத்தான். "அடுப்படியில எதுக்குக் காலண்டர்?" என்று தூக்கிப் பார்த்தாள். எல்லாவற்றையும் சொன்னேன். திட்டுவாள் என்று நினைத்தேன்.

"எங்கிட்டச் சொல்லி என்ன ஆவப்போவுது? சொல்ல வேண்டிய எடத்துல போய்ச் சொல்லுங்க."

போனேன். நின்றுகொண்டே சொன்னேன். கனகலட்சுமி திரும்பி, படம் தொங்கிய இடத்தைப் பார்த்தார்.

"ஓட்டை போட்டது தப்பில்ல அண்ணாச்சி. நான் வந்து கேட்டேம்லா?"

என் எதிரிலேயே தரகருக்குப் போன் போட்டார். ஆலங்குளத்துக்காரர்கள் நேற்றுத்தான் வேறு இடத்தில் பூ வைத்துவிட்டார்களாம். நேற்று! முந்தாநாள் நான் கடையில் பொய் சொல்லிக்கொண்டிருந்தேன்.

உள்ளே பாண்டிசெல்வி கதவைச் சாத்திக்கொண்டாள்.

ஜூன் 30, ஞாயிறு

கனகலட்சுமி கூப்பிட்டுவிட்டார். படத்துக்குப் புதுக் கண்ணாடி போட்டாயிற்று, ஸ்க்ரூவில் மாட்டித் தர வேண்டுமாம். ஹேமரை நிறுத்திவிட்டு மெதுவாகத் துளைத்தேன். அப்படியும் துளை விழுந்தது. அன்றைக்கும் இப்படிச் செய்திருக்கலாம்.

பாண்டிசெல்வி கீழே பேப்பர் பிடித்தாள். "இனி விழாதுல்லா?" என்றாள். விழாதும்மா என்றேன். தூளை மடித்துக்கொண்டு போய்விட்டாள். மாமா என்று கூப்பிடவில்லை.

ஜூலை 12, வெள்ளி

சாயங்காலம் கனகலட்சுமி வந்தார். ராஜபாளையத்திலிருந்து ஒரு ஜாதகமாம், ஆடி பிறப்பதற்குள் முடிவு தெரிய வேண்டுமாம். படத்தின் கீழே வைத்துவிட்டுத்தான் வந்திருக்கிறார்.

"மூணு நாளைக்கு அந்த டிரில்லைக் கையில எடுத்துராதீய அண்ணாச்சி."

அவர் சிரிக்கவில்லை. நான் உள்ளே போய் டிரில்லிலிருந்து பேட்டரியைக் கழற்றிக்கொண்டு வந்து அவர் கையில் கொடுத்தேன். வேண்டாம் என்று சொல்வார் என எதிர்பார்த்தேன். வாங்கி முந்தானையில் சுற்றிக்கொண்டு போனார்.