சுத்தம் செய்த தொட்டி

ஆழ்கடல் ஆய்வு நிலையம், வங்காள விரிகுடா

2071 ஜனவரி 4, காலை 6.10
பேசாமல் இருந்தது போதும். இனி வழக்கமான அளவுகளோடு உள்ளதையும் எழுதுகிறேன். யார் கையில் கிடைத்தாலும் படிக்கட்டும்.
அழுத்தம் சரி. வெப்பம் நான்கு டிகிரி. கடலடிச் சேற்றில் நான் கண்டெடுத்த பாக்டீரியா நன்றாக வளர்கிறது. ஆனால் சேற்றில் இருந்தபோது சுரந்த, புற்றுச் செல்களைக் கொல்லும் பொருளை இப்போது சுரக்கவில்லை. மேலே கொண்டுபோனால் செத்துவிடும்; அதனால்தான் நான் தனியாக இங்கே. அறிக்கையில் இருப்பது இயக்குநர் சந்தானகோபாலன் பெயர் மட்டும்.

ஜனவரி 19, மாலை 4.30
அதே சேற்றில் இன்னொரு பாக்டீரியா இருந்தது. அது பக்கத்தில் இருந்து தாக்கினால்தான் இது தற்காப்புக்காக மருந்தைச் சுரக்கும். பிரிக்க வேண்டாம் என்று முன்பே எழுதினேன். ஒரே இனம் வளரும் தொட்டிதான் எங்கள் தொழிலில் மரியாதை. பிரித்தார்கள். இங்கிருந்த மிச்சச் சேற்றை, மேலே நிற்கும் எங்கள் கப்பலிலிருந்தே கருவிகளை இயக்கிச் சூடேற்றிக் கொன்றார்கள். இன்று மறுபடி கேட்டதற்கு இயக்குநர்:
"கல்யாணத் தரகர் மாதிரி ஜோடி ஜோடின்னே பேசுறீங்களே சார். கலப்படத்துக்கு எவன் அனுமதி தருவான்? சுத்தம் பண்ணியாச்சு, விடுங்க."

பிப்ரவரி 2, பகல் 1.00
புதுச் சேறு எடுக்க இயந்திரக் கையை அனுப்பினேன். அந்த இடத்தை நிக்கல் தோண்டுகிறவர்கள் வழித்துவிட்டார்கள். வெறும் பாறை. அந்தத் துணை பாக்டீரியா வேறெங்கும் கிடைத்ததில்லை.
மேலே இயக்குநர் பேட்டி கொடுத்திருக்கிறார்: மருந்து தயார்.

மார்ச் 11, காலை 9.20
புற்றுநோய் வார்டில் இருக்கும் அக்காவின் குரல்பதிவு:
"தம்பி, உன் மருந்து வருதாமே. பழைய ஊசிய நிறுத்திட்டேன்டா. வார்டுல பாதிப்பேரு நிறுத்திட்டாங்க. முடி முளைக்குது, பள்ளிக்கூடத்துப் பையன் மாதிரி இருக்கேன். வந்து பாரு."
உடனே பதில் அனுப்பினேன். மருந்து இல்லை. ஊசியைப் போட்டுக்கொள்.

ஏப்ரல் 27
அக்கா: "பரவிடுச்சாம்டா. இனிமே அந்த ஊசி கேக்காதாம். மத்தவங்ககிட்ட சொல்லிப் பாத்தேன். டிவில பெரிய டாக்டரே சொல்றாரு, உன் தம்பி யாருங்கிறாங்க. நீ சாப்பிடுறியா?"
கேட்டது நியாயம்தான். நான் யார்.

மே 3
தொட்டியில் ஊட்டம் நின்றுவிட்டது. பாக்டீரியாவும் சாகிறது. சரிசெய்யப் போவதில்லை.
இயக்குநர்: "உங்க பேர்ல ஒரு வரி வெளிய வந்தா, பேரு கிடைக்காத வயித்தெரிச்சல்னு சொல்லுவேன். நம்புவாங்க."
நம்புவார்கள். வயிற்றெரிச்சல் உண்மைதானே. முதல் நாள் குறிப்பில் அறிக்கையில் அவர் பெயர் மட்டும் என்று எழுதிய வரியை எடுக்க நினைத்தேன். நேரமில்லை, மாலையில் கப்பல் இணைப்பைத் துண்டிக்கிறது.
வார்டில் மீதிப் பேர் இருக்கிறார்கள். பெயர் போட்டால் என்னைப் பற்றிப் பேசுவார்கள். போடாவிட்டால் ஒருவேளை படிப்பார்கள்.
ஊசியை நிறுத்தாதீர்கள். மருந்து இல்லை.
நோயாளிகள் குழுவுக்கு இதை இப்படியே அனுப்புகிறேன். பெயரில்லாமல்