பல்பு வெளிச்சத்தில் தண்டங்கீரை

அன்புள்ள அம்மாவுக்கு,

வெயிலே நுழையாத அறைக்கு என்னை அனுப்பியது நீங்களும் அப்பாவும்தான். உங்கள் முழங்கால் வலி தேவலையா? நான் சுகம்.

சார்ஜாவில் நாங்கள் விடியுமுன் கிடங்குக்குப் போய் இருட்டிய பிறகு திரும்புகிறோம். அறைக்குச் சன்னல் கிடையாது. சங்கரன்கோவில் சந்தையில் நீங்கள் வாங்கிக் கொடுத்த தண்டங்கீரை விதையைப் பெயிண்ட் வாளியில் தூவி, கூரையில் எரியும் எல்இடி பல்பை நம்பினேன். முளைகள் வெளிச்சம் தேடி நூலாக நீண்டு சாய்ந்துவிட்டன. பிறகு மலிவான பல்பு ஒன்று வாங்கி, வாளிக்கு மேலே ஒரு சாண் உயரத்தில் தொங்கவிட்டு மறுபடி விதைத்தேன். இந்த முறை தண்டு பருத்து நிமிர்ந்து நின்றது.

போன வாரம் கேம்ப் பொறுப்பாளர் ஜெயசிங் அண்ணாச்சி அந்தப் பல்பைக் கழற்றிவிட்டார். நம் பக்கத்துக் கரிவலம்வந்தநல்லூர்க்காரர்தான்.

"ஏ வே, ஒமக்குப் படுக்க எடங்குடுத்தா வயலா போடுதீரு? கம்பெனி கரண்டு ஆளுக்குத்தான், கீரைக்கு இல்ல."

எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். கீரை மறுபடி சாய்ந்துவிட்டது. நாங்கள் எட்டுப் பேரும் அதே கூரை பல்பின் கீழேதான் கிடக்கிறோம்.

இனி விதை வேண்டாம். கண்ணுக்கு ஏதாவது மருந்து கொடுத்துவிடுங்கள், லீவு நாளில் வெயிலில் நின்றால் கூசுகிறது. கிடங்குக்குப் போகும் பஸ் வந்துவிட்டது, இன்னும் ஒன்றே ஒன்று.

ஊருக்கு வரட்டுமா என்று போனில் கேட்டால், லைன் சரியில்லை என்று அப்பா வைத்துவிடுகிறார். அதனால்தான் எழுதுகிறேன். "வந்துரு மக்கா" என்று நீங்களாவது ஒரு தடவை சொல்லுங்கள், அம்மா.

அருண்பாண்டியன்