நீல முட்டையில் இரண்டு கரண்டி நெய்

அக்கா,

இன்று காலை பக்கத்து வீட்டில் வெண்ணெய் காய்ச்சினார்கள். கடைசியில் முருங்கைக்கீரையைக் கிள்ளிப் போட்டு இறக்கும்போது வரும் அந்த வாசனை தெரு முழுக்கப் பரவியது. யாருக்கும் பசியெடுக்க வைக்கும் வாசனைதான். நான் எழுந்துபோய் ஜன்னலைச் சாத்திவிட்டு இதை எழுத உட்கார்ந்தேன்.

நீங்கள் போய் ஆறு மாதம் ஆகிறது. இரண்டு வருஷத்துக்கு முன்பு பேசியிருக்க வேண்டியதை இப்போது எழுதுகிறேன். நேரில் பேசத் துப்பில்லாதவளுக்குக் கடிதம் எழுதுவது சுலபமாகத்தான் இருக்கிறது. நீங்கள் குறுக்கே பேசமாட்டீர்கள். முகத்தைப் பார்த்து, "இன்னா எஸ்தரு, வாத்தியாரம்மாக்கு வார்த்தை வரலையா?" என்று கேட்கமாட்டீர்கள்.

மேசைமேல் பன்னிரண்டு சின்னக் குழிக்கரண்டிகள் கிடக்கின்றன. ஈஸ்டருக்கு முந்தின லெந்து காலத்தின் நடுவில் ஒருநாள் உங்கள் வீட்டுக்கார அண்ணன் ஆட்டோவை என் வாசலில் நிறுத்தி, ஒரு துணிமூட்டையைக் கையில் கொடுத்தார். "இது உங்களுதாம். குடுத்துடச் சொல்லியிருந்தா" என்றார். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. மூட்டைக்குள் கரண்டிகளும், காய்ந்த சங்குப்பூ ஒரு டப்பா நிறையவும் இருந்தன. கரண்டி என்னுடையது, சரி. சங்குப்பூ உங்களுடையது. அதை ஏன் கொடுத்துவிட்டீர்கள் என்று இன்றுவரை புரியவில்லை. புரியாமலே இருக்கட்டும் என்றுதான் கொடுத்தீர்களோ என்னவோ.

அந்தக் கரண்டிகளைத் தேரடி வீதிப் பாத்திரக் கடையில் நாம் இருவரும் சேர்ந்து வாங்கினோம். நீங்கள் ஒவ்வொன்றாக எடுத்து உள்ளங்கையில் கவிழ்த்துப் பார்த்தீர்கள். முட்டையைப் பாதியாக வெட்டின வடிவம் வேண்டும் உங்களுக்கு. கடைக்காரர் பொறுமை இழந்து, குழம்பு ஊற்றவா வேறு எதற்காவதா என்று கேட்டதற்கு, "முட்டை போடறதுக்கு" என்றீர்கள். அவர் பன்னிரண்டையும் எண்ணிப் பொட்டலம் கட்டினார்.

எல்லாம் ஷைனியால் வந்தது. எங்கள் சபையில் நான் நடத்துகிற ஞாயிறு வகுப்பில் அவள்தான் ஆகச் சின்னவள். பால் பட்டாலே உதடு வீங்கிவிடும், மூச்சு இழுக்கும். ஒவ்வொரு ஈஸ்டருக்கும் பிள்ளைகளுக்குக் கடையில் வாங்கின பால் சாக்லேட் முட்டை கொடுப்போம். அவளும் கையை நீட்டி வாங்குவாள். அவள் அம்மா அதை வாங்கிக் கைப்பைக்குள் போட்டு ஜிப்பை இழுப்பாள். அந்த ஜிப் சத்தம் எனக்குத் தாங்கவில்லை என்று உங்களிடம் வந்து சொன்னேன்.

ஏனென்றால் இந்த ஊரில் பாலில்லாத இனிப்புக்கு உங்களைவிட்டால் ஆளில்லை. செங்கம் ரோட்டுப் பக்கம் வெளிநாட்டுக்காரர்கள் வருகிற கஃபே ஒன்றுக்கு நீங்கள் பர்பியும் லட்டும் செய்து கொடுத்துக்கொண்டிருந்தீர்கள். "பாலு, தயிரு, நெய்யி, தேனுகூட ஆவாதாம். அப்புறம் இன்னாத்த தின்னு உயிரோட இருக்காங்களோ" என்று கேலி பேசினாலும், அவர்களுக்காக உங்கள் வீட்டிலிருந்து நெய்யையே விரட்டியிருந்தீர்கள். வீட்டுக்கும் விற்கிறதுக்கும் ஒரே வாணலி, ஒரே கரண்டி, கலந்துவிடக் கூடாது என்பீர்கள். அண்ணன் தோசைக்கு நெய் கேட்டால் ஓட்டலுக்குப் போகச் சொல்வீர்கள். கார்த்திகை தீபத்துக்கு நெய்க் காணிக்கையைக்கூடக் கோயிலிலேயே கட்டிவிட்டு வருவீர்கள். வாசலுக்குள் ஒரு சொட்டு வராது.

முதல் வருஷம் உங்கள் அடுப்படியில் நாம் செய்தது இன்னும் கண்ணிலேயே நிற்கிறது. தேங்காயின் கறுப்புத் தோல் விழாமல் வெள்ளையை மட்டும் துருவி, பாகில் போட்டு, கெட்டித் தேங்காய்ப் பாலை ஊற்றிக் கிண்டினீர்கள். பீட்ரூட் சாற்றை அடுப்பை அணைத்த பிறகுதான் விட வேண்டும், முன்னாடி விட்டால் செங்கல் நிறம் ஆகிவிடும் என்று எனக்குத் தெரியாது. மஞ்சளுக்கு ஒரு சிட்டிகை மஞ்சள்தூள், அதற்கு மேலே போனால் ரசம் வாசனை. நீலத்துக்குச் சங்குப்பூவை வெந்நீரில் ஊறவைத்த தண்ணீர். பச்சைக்கு நான் கீரை அரைத்துக்கொண்டு வந்திருந்தேன். நீங்கள் முகர்ந்து பார்த்துவிட்டு அதைச் சாம்பாருக்கு எடுத்து வைத்தீர்கள். நீலத்தில் மஞ்சளைக் கலந்தால் பச்சை வராதா என்று கேட்டு, கலந்தும் காட்டினீர்கள். ஓவியப் பாடத்தில் பிள்ளைகளுக்கு நான் சொல்லிக் கொடுக்கிற சங்கதிதான் அது. எனக்குத் தோன்றவில்லை.

கரண்டிக் குழிகளில் தேங்காய் எண்ணெய் தடவி, சூடாக இருக்கும்போதே அழுத்தி, இரண்டு பாதியைப் பாகு தொட்டு ஒட்டினோம். "உங்க சாமி எழுந்து வந்ததுக்கு முட்டை எதுக்கு எஸ்தரு?" என்று கேட்டீர்கள். ஞாயிறு வகுப்பில் சொல்கிற விளக்கத்தை நான் ஆரம்பித்ததும் கையை உயர்த்தி நிறுத்தினீர்கள். "சரி சரி, மலை மேல நெருப்பு ஏன் வெக்கிறீங்கன்னு நீ கேட்டா நானும் ரெண்டு கதை சொல்லுவேன்." அந்த ஈஸ்டர் அன்று ஷைனி ஒரு சிவப்பு முட்டையை முழுசாகத் தின்றாள். ஜிப் சத்தம் கேட்கவில்லை. உங்களிடம் ஓடிவந்து சொன்னபோது நீங்கள் மூக்கைச் சிந்திக்கொண்டீர்கள்.

அடுத்த வருஷம் எனக்கு ஆசை பெருத்துப் போயிற்று. பக்கத்துச் சபைப் பிள்ளைகளையும் அழைத்தோம். கஃபேக்கும் அதே ஈஸ்டருக்குப் பெரிய ஆர்டர் வந்திருந்ததால், நீங்கள் நாலு நிறத்தையும் கிண்டி நாலு தூக்குச்சட்டியில் போட்டு, ஒரு சின்ன பாட்டில் தேங்காய் எண்ணெயோடு அண்ணன் ஆட்டோவில் அனுப்பிவிட்டீர்கள். அழுத்தி ஒட்டுவது மட்டும் என் வேலை. "ஆறிடுச்சுன்னா உதிரும். லேசா சூடு பண்ணி எண்ணெ தொட்டுக்கோ" என்று போனிலும் சொன்னீர்கள்.

சிவப்பு, மஞ்சள், பச்சை முடிந்தது. நீலத்துக்கு வரும்போது எண்ணெய் தீர்ந்துபோனது. கலவை உதிர்ந்தது. கடை தெருமுனையில்தான் இருந்தது, அக்கா. ஐந்து நிமிஷ நடை. எனக்கு இடுப்பு விட்டுப் போயிருந்தது, மறுநாள் பாட்டுப் பயிற்சி வேறு பாக்கி. அலமாரியில் நெய் இருந்தது. நீலத் தூக்கிலேயே இரண்டு கரண்டி ஊற்றிப் பிசைந்தேன். கலவை அடங்கி வந்தது. பளபளப்புகூட வந்தது.

எனக்குத் தெரியாதா? ஷைனிக்கு ஆகாதது பால், தயிர், வெண்ணெய், நெய் என்று வகுப்புச் சுவரில் அட்டை எழுதி ஒட்டினவளே நான்தான். ஆனால் அந்த நிமிஷத்தில் கை அதைப் பாலென்று நினைக்கவில்லை. பச்சைப் பிள்ளைக்கே பருப்புச் சோற்றில் நெய் ஊற்றித்தானே ஊட்டுகிறோம், இரண்டு கரண்டி நெய் யாரை என்ன செய்துவிடும் என்று இருந்தது. நம் வீடுகளில் நெய்யைச் சந்தேகப்பட்டு யாருக்குப் பழக்கம்? இதைக் காரணமாகச் சொல்லவில்லை. நடந்ததைச் சொல்கிறேன்.

ஷைனி அந்த வருஷம் நீலத்தை எடுத்தாள்.

ஆராதனை முடிந்து முற்றத்தில் எல்லாரும் கை குலுக்கிக்கொண்டிருந்தபோது அவள் அம்மா அலறினாள். குழந்தையின் உதடு தடித்து, கழுத்தெல்லாம் திட்டுத் திட்டாகச் சிவந்திருந்தது. மூச்சு விசில் மாதிரி வந்தது. வாசலில் உங்கள் வீட்டு ஆட்டோதான் நின்றது. காலிக் கூடைகளை எடுத்துப் போக அண்ணன் வந்திருந்தார். அந்த ஆட்டோவில்தான் குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஓடினோம். கிரிவலம் முடித்துத் திரும்புகிற கூட்டத்துக்குள் ஹாரனை அழுத்தின கையை எடுக்காமல் ஓட்டினார்.

ஊசி போட்டார்கள். மத்தியானத்துக்குள் குழந்தை எழுந்து உட்கார்ந்து தண்ணீர் கேட்டது. அதுவரை எனக்குக் கர்த்தரிடம் கேட்க ஒன்றே ஒன்றுதான் இருந்தது. அவர் கொடுத்தார். அதற்குப் பிறகு ஆஸ்பத்திரி வராந்தாவில் ஷைனியின் அம்மா என்னைப் பார்த்து, "எதுல பால் இருந்துச்சு டீச்சர்?" என்றாள்.

அவள் கோபமாகக்கூடக் கேட்கவில்லை. நான் என்ன சொன்னேன் என்பது உங்களுக்குத் தெரியும். ஆனாலும் நானே எழுதிவிடுகிறேன். "எனக்குத் தெரியலைங்க. கிண்டினதெல்லாம் அந்தக்காதான். நான் அழுத்தி ஒட்டினது மட்டும்தான்" என்றேன். அண்ணன் தூணோரம் நின்றுகொண்டிருந்தார். கேட்டார். சாவியை எடுத்துக்கொண்டு மெதுவாக இறங்கிப் போய்விட்டார்.

மறுநாள் நீங்கள் வந்தீர்கள். சண்டை போடத்தான் வருகிறீர்கள் என்று நினைத்தேன். போட்டிருக்கலாம். நேராக அடுப்படிக்குள் போய், கழுவாமல் கிடந்த நாலு தூக்கையும் ஒவ்வொன்றாக முகர்ந்தீர்கள். நீலத் தூக்கைக் கீழே வைக்கவே இல்லை.

"எஸ்தரு, இதுல நெய் வாசனை வருது. எங்க வூட்ல நெய்யே கெடையாது. அது உனக்குத் தெரியும்."

நான் உங்கள் காலில் விழுந்திருக்க வேண்டும். அதற்குப் பதிலாக, "செஞ்சு அனுப்புனது நீங்கதானேக்கா" என்றேன். சத்தமே வராமல்தான் சொன்னேன். சொன்னது சொன்னதுதான். நீங்கள் தூக்குகளை எடுத்துக்கொண்டீர்கள். கழுவியிருந்த கரண்டிகளையும் அள்ளிக்கொண்டீர்கள். கோபத்தில் என்னுடையதும் உங்களுடையதும் கலந்துபோயிருக்கும்.

நீங்கள் சும்மா இருந்துவிட்டீர்கள் என்று நான் எழுதினால் அது இன்னொரு பொய். போதகரிடம் போய்ச் சொன்னீர்கள். ஷைனி வீட்டு வாசலில் நின்று சொன்னீர்கள். கஃபே நடத்துகிற அம்மாவிடம் சொன்னீர்கள். ஒருவரும் நம்பவில்லை. டீச்சர் பொய் சொல்வார்களா என்றார்களாம். சமையல் செய்கிறவள் சொல்வாள், சுவரில் அட்டை எழுதி ஒட்டுகிறவள் சொல்லமாட்டாள். கஃபேக்காரம்மா உங்களிடம் வாங்குவதை நிறுத்தினார். அதற்குப் பிறகு கிரிவலப் பாதையில் பௌர்ணமிக்குச் சுண்டல் விற்றீர்கள். ஒருமுறை உங்களைப் பார்த்துவிட்டு நான் எதிர்ப்பக்கம் மாறி நடந்தேன். பார்த்தீர்களா என்று தெரியாது. பார்த்திருப்பீர்கள்.

உங்கள்மேல் எனக்குக் கோபமும் இருக்கிறது, அக்கா. இதற்கு எனக்கு யோக்கியதை இல்லை, ஆனாலும் இருக்கிறது. ஐப்பசி மழையில் நெஞ்சு வலி என்று உட்கார்ந்தவர் அப்படியேவா போவார்? ஒரு வாரம் படுத்திருந்தால் வந்திருப்பேன். வந்திருப்பேன் என்றுதான் நினைக்கிறேன். சாவுக்கு வந்தபோது அண்ணன் எனக்கு ஒரு நாற்காலி போட்டார். எல்லாருக்கும் முன்னால் டீச்சர் என்று நாற்காலி. அதில் உட்கார்ந்தேன்.

இந்த ஈஸ்டருக்கு நானே தனியாகச் செய்தேன். வீட்டில் இருந்த நெய்யைத் தெருவில் கொடுத்துவிட்டேன். உங்கள் சங்குப்பூவை ஊறவைத்தேன், உங்கள் முறைப்படியே கிண்டினேன். அவ்வளவு நன்றாக வரவில்லை, பாகு முற்றிவிட்டது. ஆராதனை முடிந்ததும் கூடையை நீட்டுவதற்கு முன்னால் ஷைனியின் அம்மாவைத் தனியே அழைத்தேன். போதகரும் பக்கத்தில் இருந்தார், இருக்கட்டும் என்றேன். நெய்யை ஊற்றினது நான், அந்தக்கா இல்லை, அன்றைக்கு நான் பொய் சொன்னேன் என்று மூன்று வாக்கியத்தில் சொல்லி முடித்தேன். இரண்டு வருஷம் தொண்டையில் நின்றது, சொல்ல ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. அவள் என்னை அறைவாள் என்று காத்திருந்தேன்.

அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். கண்ணில் தண்ணீர் நின்றது.

"செத்துப் போனவங்க பேர் கெடக் கூடாதுன்னு உங்க மேல போட்டுக்கறீங்க. உங்களுக்குப் பெரிய மனசு டீச்சர். நாங்க எப்பவோ அவங்கள மன்னிச்சுட்டோம்."

இல்லை, நிஜமாகவே நான்தான் என்றேன். போதகர் என் தோளைத் தட்டினார். அடுத்த ஞாயிறு பிரசங்கத்தில், பிறர் பாரத்தைச் சுமப்பதற்கு நம் சபையிலேயே ஓர் எடுத்துக்காட்டு இருக்கிறது என்று பெயர் சொல்லாமல் சொன்னார். எல்லாரும் திரும்பி என்னைப் பார்த்துச் சிரித்தார்கள். நான் எழுந்து நின்று, நான் ஊற்றினேன் ஐயா, என் கையால் ஊற்றினேன் என்றேன். முன் வரிசைப் பெண்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். இன்னொரு தடவை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. உட்கார்ந்துவிட்டேன்.

நீங்கள் உண்மையைச் சொன்னபோது நம்பவில்லை. நான் சொன்னபோதும் நம்பவில்லை. வராந்தாவில் நான் சொன்ன அந்த ஒரு பொய்யை மட்டும் எல்லாரும் பத்திரமாக வைத்திருக்கிறார்கள்.

கரண்டிகளைக் கழுவித் துடைத்து அடுக்கிவிட்டேன். அண்ணனிடம் திருப்பிக் கொடுத்தால் அவர் வாங்கமாட்டார். ஷைனி இந்த வருஷமும் நீலத்தைத்தான் எடுத்தாள், ஒன்றும் ஆகவில்லை. நன்றாக இருக்கிறது, நீங்களே செய்தீர்களா டீச்சர் என்று கேட்டாள். ஆமாம் என்றேன். உங்கள் பெயரைச் சொல்லியிருக்க வேண்டும், அக்கா. அதையும் சொல்லவில்லை.