மகிழமரத்தடியில் குடத்தோடு காத்திருக்கும் பெண்ணின் பொருட்டு

நலம் பெருகுக. நீலியாறு பாயும் வெண்டுறை நாட்டு அரசியார் பெருநங்கைத் தேவியாரின் ஆணை தாங்கி, ஓய்வு பெற்றும் ஓயாத முன்னாள் பேரமைச்சன் மருதங்கிழான் வேட்டன், கல்விக் கண்காணி அதியஞ்சாத்தனார்க்கு விடுக்கும் ஓலை. உமது குலம் வளர்க. உமது முழங்கால் வலி தேய்க.

நீலியாற்றில் மிதக்கும் ஓடப்பள்ளியில் பயின்ற நெய்தலி என்னும் பெண், அரசின் தகுதிக்கொடைத் தேர்வில் முதலிடம் பெற்றாள். அவள் விடைகளைப் படித்த புலவர் எழுவர் மயங்கி விழுந்தனர் என்போம். நீர் மறுத்தால் எண்மர் என்போம்.

வென்றவர் தம் பள்ளி முற்றத்து மண்ணை அரண்மனை வாயில் மகிழமரத்தடியில் இட்ட பின்னரே கொடை வழங்குவது நம் மரபு. ஓடத்துக்கு ஏது முற்றம்? அவள் ஆற்றுநீரைக் குடத்தில் கொணர்ந்தாள். மண்ணில்லாப் பள்ளி பள்ளியாகாது என்று திருப்பிவிட்டீராம். இன்று அந்திமுரசு ஒலிப்பதற்குள் மரபு நிறைவேறாவிடில் கொடை அடுத்தவர்க்குப் போகும். அவள் மேற்படிப்பும் அதனோடு போகும்.

வெற்றிலை மென்றவாறு அவ்வழி வந்த யாம், கரையில் ஒரு பிடி மண் அள்ளி வந்திருக்கலாமே, யார் கேட்கப் போகிறார் என்று அவள் காதோடு கேட்டோம்.

"அது எங்க பள்ளி மண் இல்லையே ஐயா. நாங்க படிச்சது இந்தத் தண்ணி மேலதானே" என்றாள்.

அமைச்சராய் இருந்த காலமெல்லாம் எமக்கு இப்படிப் பாடம் சொன்னவர் எவருமிலர், நீர் உட்பட.

உம்மேல் குறையில்லை. விதி வகுத்தோர் கல்தூண் பள்ளிகளையே கண்டவர். நீர் விதிப்படி நடந்தீர். ஆயினும் அம்மரத்தைச் சற்று நிமிர்ந்து பாரும். தலைமுறை தலைமுறையாய் மண்ணைக் கொட்டிக் கொட்டிக் கழுத்தளவு புதைத்துவிட்டோம். அம்மேட்டில் ஏறி நின்றால் மேகத்தில் முதுகு சொறியலாம். இலைகளோ வாடித் தொங்குகின்றன. இத்தனை பேர் வந்தும் அதற்கு ஒரு வாய்த் தண்ணீர் கொணர்ந்தவள் இவள் ஒருத்தியே.

ஆதலின், அரசியார் எமக்கு அருளிய மேல்முறையீட்டு உரிமையால் ஆணையிடுகிறோம். ஓடத்திலோ, மந்தையோடு நடக்கும் இடையர் பள்ளியிலோ, வீட்டுக் கூடத்திலோ, எங்குப் பயின்றவராயினும் தேர்வில் வென்றோர் கொடைக்கு உரியர். தம் பள்ளியில் உள்ளதையே அவர் கொணர்க. இடையர் பிள்ளைகள் சாணம் கொணர்ந்தால் முகம் சுளிக்காதீர். மரத்துக்கு அதுவும் நல்லதே.

இவ்வோலை கண்டவுடன் நீரே வந்து குடத்துக்கு ஒரு கை கொடும், அவள் ஊற்றட்டும்.

கெண்டை இலச்சினை இட்டோம். முரசறைவோனை எம் போர்க்களக் கதைகளால் பிடித்து வைத்துள்ளோம். யாம் போர்க்களமே கண்டதில்லை என்பது அவனுக்குத் தெரியுமுன் விரைந்து வாரும்.